பெட்டிக்குள் இருக்கும் முதுசம்

(பாட்டிமாரின் கைத்தையலை அறிதலும் பேணுதலும்: குடும்பங்களுக்கும் மாதர் சங்கங்களுக்குமான ஒரு பாடம்)



முதுசம் என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பெற்றோர் வழியாக வந்த சொத்து முதுசம். பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம். கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்துச் சேர்ப்பது தேடியதேட்டம். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமை முதல் இன்று வரை இச்சொற்கள் எமது வாழ்வோடு கலந்திருக்கின்றன. முதுசம் என்றவுடன் எமது மனத்தில் எழுவன காணியும் வீடும் கிணற்றுப் பங்கும் நகையுமே.

1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியோர் அந்தக் காணியைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது வீட்டையும் கிணற்றையும் விட்டுவிட்டே நடந்தது. நகைகள் பல, அடைவு வைத்தும் விற்றும் சாப்பாடாக மாறின. காணி உறுதிகள் கூடச் சில குடும்பங்களில் தொலைந்துபோயின. ஆயினும் எத்தனையோ குடும்பங்களின் றங்குப்பெட்டியிலும் உடுப்புப் பையிலும் ஒரு பழைய துணி கூடவே வந்திருக்கிறது. அம்மம்மா பூத்தைத்த தலையணை உறை, அப்பம்மா றேந்தை பின்னிய மேசை விரிப்பு, பிள்ளைப்பேற்றுக்கென்று தைத்த சின்னச் சட்டை. அவையும் முதுசமே. அவற்றை எவ்வாறு அறிவது, எவ்வாறு பேணுவது, எவ்வாறு அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது என்பதே இந்த இதழின் பாடம்.

1. இந்த வேலை எமக்கு வந்த வழி

எமது பேச்சிலேயே இந்த வரலாறு இருக்கிறது. றேந்தை, லேஞ்சி, அலுமாரி ஆகிய மூன்று சொற்களும் போர்த்துக்கீச மொழியிலிருந்து எமது தமிழுக்குள் வந்தவை. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கீசர் 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். ஆட்சி போனது, சொற்கள் நின்றன. தென்னிலங்கையில் காலி, வெலிகமப் பகுதிகளில் மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி, தலையணை போன்ற ஒரு திண்டின் மேல் வைத்துப் பின்னும் பீரளு றேந்தை இன்றும் பேசப்படுகிறது. எமது பக்கத்தில் பெரும்பாலும் காண்பது கொக்கி ஊசியால் பின்னிய றேந்தையும், துணியின் மேல் நிற நூலால் தைத்த பூத்தையலுமாகும்.

பூத்தையலும் பின்னலும் எமது வீடுகளுக்குள் பரவியதில் பெண்கள் பாடசாலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1824ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் அதன் ஆரம்ப நாட்களை நடத்தினார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட அக்காலத்தில், வாசிப்போடு சேர்த்துத் தையலும் கற்பிக்கப்பட்டது. 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார். 1862இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தனர். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கெனக் கல்லூரி அமைத்தார். காலப்போக்கில் தையல் எல்லாச் சமயத்துப் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பாடமாயிற்று. ஒரு துண்டு வெள்ளைத் துணியில் ஓட்டத் தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல், குறுக்குத் தையல், மீன்முள் தையல் என்று வரிசையாகத் தைத்து ஆசிரியைக்குக் காட்டிய மாதிரித் துணி சில வீடுகளில் இன்னும் இருக்கும்.

பாடசாலையில் கற்றதை வீட்டுக்கு வந்த பெண்பிள்ளை தங்கைக்குச் சொன்னாள். தங்கை அயலவளுக்குச் சொன்னாள். பள்ளிக்கூட வாசலை மிதியாதவளும் வேலிப்பொட்டால் எட்டிப் பார்த்துப் பழகினாள். இப்படித்தான் தோட்டக்காரரின் வீட்டுத் தலையணையிலும் ரோசாப்பூ பூத்தது.

2. நாகர்கோவிலில் நடந்தது

கடலுக்கு அப்பால் எமது அயலிலே நடந்த ஒன்றையும் அறிந்துகொள்வது நல்லது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மோல்ற் அம்மையார் தமது கணவர் சார்ள்ஸ் மோல்ற் போதகருடன் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார். அப்பகுதி அன்று திருவிதாங்கூர் இராச்சியத்தில் இருந்தது. அங்கே அடிமைமுறையும் இருந்தது. அம்மையார் தாம் நடத்திய பெண்கள் பாடசாலையில் றேந்தை பின்னக் கற்பித்தார். பின்னிய றேந்தை விலைப்பட்டது. அந்த வருமானத்தைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தமது விடுதலையைத் தாமே வாங்கிக்கொண்டனர் என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1855இல். அதற்கு முன்னரே நூலும் ஊசியும் சில கைகளின் கட்டை அவிழ்த்துவிட்டன.

மார்த்தா அம்மையாரின் மகள் எலைசா, தாயிடம் இந்த வேலையைக் கற்றார். அவர் 1844இல் றொபேட் கால்ட்வெல் போதகரை மணந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட அதே கால்ட்வெல் தான். கணவருடன் திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக்குப் போன எலைசா, அந்த வரண்ட தேரிக்காட்டு ஊரிலும் பெண்களுக்கு றேந்தை பின்னக் கற்பித்தார். தாயிடமிருந்து மகளுக்கும், ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்கும் வேலை சென்றது. கால்ட்வெல்லின் நூலை அறிஞர் படிக்கின்றனர். எலைசாவின் வேலையோ இடையன்குடிப் பெண்களின் விரல்களில் எழுதப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுவே: கைத்தையலை ஓய்வு நேர அலங்காரம் என்று மட்டும் எண்ணிவிடக்கூடாது. அது உழைப்பு. உழைப்புக்கு உரிய மதிப்பு அதற்கு உண்டு.

3. ஒரு துணியை வாசிப்பது எப்படி?

விவசாயி ஒருவர் செம்மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தே அதன் பதத்தைச் சொல்லிவிடுவார். பழைய துணியையும் அவ்வாறே வாசிக்கப் பழகலாம். கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு, மோதிரம் காப்பைக் கழற்றிவிட்டு, துணியைச் சுத்தமான மேசையிலோ பாயிலோ விரியுங்கள்.

(அ) மறுபக்கத்தைப் பாருங்கள். முன்பக்கம் அழகைக் காட்டும். பின்பக்கம் வேலையைக் காட்டும். மெசினில் தைத்த பூவில் மேல் நூல் ஒன்று, அடி நூல் ஒன்று என்று இரண்டு நூல் ஓடும். பல வேளைகளில் பின்பக்கத்தில் ஒரே வெள்ளை நூல் நிறைந்திருக்கும். கையால் தைத்ததில் முன்பக்கத்து நிறமே பின்பக்கத்திலும் இருக்கும். நூல் ஓர் இலையிலிருந்து மறு இலைக்குத் தாவியிருக்கும். தையல்கள் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தாலும் முற்றிலும் ஒரே அளவாக இரா.

(ஆ) நிறத்தை ஒப்பிடுங்கள். வெயிலும் வெளிச்சமும் முன்பக்கத்தையே வெளிறச் செய்கின்றன. பின்பக்கத்து நூலில் பழைய நிறம் இன்னும் இருக்கும். இன்று மங்கிய மண்ணிறமாகத் தெரியும் பூ, தைத்த அன்று நல்ல சிவப்பாக இருந்ததை அங்கே காணலாம்.

(இ) துணியைக் கவனியுங்கள். கடையில் வாங்கிய நல்ல லினனா, பொப்பிளினா, அல்லது மா வந்த பையைப் பிரித்து வெளுத்து எடுத்த துணியா? தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்த துணியிலே தைத்தாலும் பூவைக் குறைவாகத் தைக்காத பெண்ணின் மனத்தை அங்கே காண்பீர்கள்.

(ஈ) பூவைப் பாருங்கள். மாங்காய், தாமரை, மயில் ஆகியவை எமது கண் கண்டவை. அன்னம் போன்ற வெள்ளைப் பறவையும் பனிநாட்டுப் பூக்களும் மேல்நாட்டு மாதிரிப் புத்தகங்களிலிருந்து வந்தவை. வெங்காயத் தோட்டத்தில் பகலெல்லாம் புல்லுப் பிடுங்கிய பெண் ஒருத்தி, தான் ஒருநாளும் காணாத பூவை இரவில் கைவிளக்கு வெளிச்சத்தில் தைத்திருக்கிறாள்.

(உ) எழுத்தைத் தேடுங்கள். மூலையில் இரண்டு எழுத்துக்களோ, ஓர் ஆண்டோ குறுக்குத் தையலில் இருக்கலாம். அது தைத்தவளின் கையொப்பம்.

(ஊ) பழுது பார்த்த இடங்களைத் தேடுங்கள். கிழிந்த இடத்தில் வேறொரு நூலால் இழையோட்டியிருந்தால், அங்கே இரண்டாவது கை ஒன்று வேலை செய்திருக்கிறது. தாய் தைத்ததை மகள் காப்பாற்றியிருக்கலாம். அதைக் குறை என்று எண்ணிப் பிரித்துவிடாதீர்கள்.

4. உழைப்பைக் கணக்கிடுவோம்

ஒரு மேசை விரிப்பை எடுத்துக்கொள்வோம். கொக்கி ஊசியால் பின்னிய சதுரங்கள் நீளத்துக்கு 8, அகலத்துக்கு 8. மொத்தம் 64 சதுரங்கள். பழகிய கைக்கு ஒரு சதுரம் பின்ன ஒன்றரை மணித்தியாலம் செல்கிறது என்று வைத்துக்கொண்டால் 96 மணித்தியாலம். அவற்றை ஒன்றோடொன்று இணைக்கவும் சுற்றிவர ஓரம் பின்னவும் இன்னும் 14 மணித்தியாலம். மொத்தம் 110 மணித்தியாலம்.

சமையல் முடித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்து, இரவில் இரண்டு மணித்தியாலம் மட்டும் பின்னிய பெண்ணுக்கு இது 55 இரவு வேலை. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் என்று கூலிக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 14 நாள் வேலை. உங்கள் ஊரில் இன்று ஒரு நாட்கூலி எவ்வளவோ அதனை 14ஆல் பெருக்கிப் பாருங்கள். நூல் விலையையும் கூட்டுங்கள். பழைய துணி என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் ஒன்றின் உண்மையான பெறுமதி அப்போது கண்ணுக்குத் தெரியும். உங்கள் வீட்டுத் துணியிலும் சதுரங்களை எண்ணி இக்கணக்கைச் செய்து பாருங்கள். பிள்ளைகளுக்கு இது நல்ல கணித பாடமும் ஆகும்.

5. பூத்தையல் இல்லாத வீடுகள்

இங்கே நாம் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லா வீட்டிலும் பூத்தையல் இல்லை. பிறர் தோட்டத்தில் விடிய முதல் பொழுதுபடும் வரை வேலை செய்த பெண்ணுக்கு, இரவில் ஊசி எடுக்க நேரமும் இல்லை, விளக்குக்கு எண்ணெயும் இல்லை. எமது குடாநாட்டில் மேற்சட்டை அணியும் உரிமையே மறுக்கப்பட்டிருந்த பெண்கள் இருந்தனர் என்பதை மறைக்க முடியாது. பாடசாலைக் கதவு அவர்களுக்கு வெகு காலம் கழித்தே திறந்தது.

அந்த வீடுகளிலும் முதுசம் இருக்கிறது. பழைய சேலைகளை அடுக்கி நூலோட்டித் தைத்த விரிப்பு, ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு நான்கு பிள்ளைகள் மாறி மாறி உடுத்த சட்டை, பிள்ளைகள் எல்லாரும் படுத்துறங்கிய ஏணைச் சேலை, பனையோலையில் இழைத்த பெட்டி, கடகம், பாய். இவற்றை இழைத்த கைக்கும் அதே பொறுமையும் அதே கணக்கும் வேண்டியிருந்தது. மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒருவர் றேந்தை விரிப்பையும் மற்றவர் ஒட்டுப் போட்ட விரிப்பையும் கொண்டுவந்தால் இரண்டையும் ஒரே மேசையில் அருகருகே விரியுங்கள்.

6. துணிக்கு ஓர் உறுதி எழுதுவோம்

புத்தூர்ப் பகுதியில் வசிக்கும் இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றில் நாங்கள் ஒரு தலையணை உறையைப் பார்த்தோம். நுண்ணிய சங்கிலித் தையல். மூலையில் இரண்டு எழுத்துக்கள். யாருடைய எழுத்துக்கள் என்று கேட்டபோது வீட்டில் எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதை அறிந்திருந்த மூதாட்டி இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். துணி மூன்று இடப்பெயர்வுகளைத் தாண்டி வந்திருக்கிறது, பெயர் வரவில்லை.

இதுதான் எம்மை இப்பாடத்தை எழுதத் தூண்டியது. காணிக்கு உறுதி உண்டு. அதில் எல்லைகளும் உரித்தாளியின் பெயரும் முன்னிருந்தவர் பெயரும் எழுதப்பட்டிருக்கும். துணிக்கு எந்த நொத்தாரிசும் உறுதி முடிப்பதில்லை. அதை நாமே எழுத வேண்டும். தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுத வேண்டும். ஒரு தாளில் பின்வருவனவற்றை எழுதுங்கள்.

1. தைத்தவர் பெயர், அவரது ஊர், உங்களுக்கு என்ன உறவு.
2. ஏறக்குறைய எந்த ஆண்டில், எந்த வயதில், எதற்காகத் தைத்தார். (கலியாணத்துக்கா, பிள்ளைப்பேற்றுக்கா, பாடசாலைக்கா, விற்பதற்கா?)
3. யாரிடம் பழகினார்.
4. அவர் கையிலிருந்து யார் கைக்கு வந்தது.
5. எந்த எந்த இடப்பெயர்வில் எங்கெங்கே சென்றது. (1990, 1995, 2000, 2009 என்று ஆண்டைக் குறியுங்கள்.)
6. பழுது பார்த்தவர் யார்.
7. இதை எழுதியவர் பெயரும் திகதியும்.

பென்சிலால் எழுதுவது நல்லது. பேனை மை ஈரம் பட்டால் ஊறித் துணியில் கறையாகும். தாளைத் துணியில் குண்டூசியால் குத்தவோ பசையால் ஒட்டவோ வேண்டாம். ஊசி துருப்பிடிக்கும், பசை பூச்சியை அழைக்கும். தனி உறையிலிட்டுப் பெட்டியில் வையுங்கள். வசதி இருந்தால் பெயரையும் ஆண்டையும் ஒரு பருத்தி நாடாவில் தைத்து, துணியின் மடித்த ஓரத்தில் இரண்டு மூன்று தளர்ந்த தையலால் பிடித்துவிடலாம். கைத்தொலைபேசியில் முன்பக்கம், பின்பக்கம், எழுத்து ஆகிய மூன்றையும் படமெடுத்து வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள். ஓரிடத்தில் அழிந்தாலும் மறு இடத்தில் பதிவு நிற்கும். மூதாட்டி பேசும்போது குரலைப் பதிவு செய்வது இன்னும் மேல்.

7. பேணும் முறை

கழுவ முன்: எல்லாப் பழைய துணியையும் கழுவ வேண்டிய அவசியம் இல்லை. தூசியை மெதுவாகத் தட்டி, நிழலில் காற்றாட விடுவதே பல வேளைகளில் போதும். கழுவத்தான் வேண்டும் என்றால், ஒரு வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு நிற நூலின் மேலும் பின்பக்கத்தில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் கழுவ வேண்டாம். சிவப்பு, கறுப்பு நூல்களில் கூடிய கவனம் தேவை.

கழுவும்போது: உவர்க் கிணற்று நீரைத் தவிர்த்து, நல்ல தண்ணீரோ மழை நீரோ எடுங்கள். மிருதுவான சவர்க்காரத்தைக் கரைத்து, துணியைக் கையால் மெல்ல அமுக்குங்கள். கல்லில் அடித்தல், தேய்த்தல், முறுக்கிப் பிழிதல் கூடாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தது எமக்கு நினைவிருக்கிறது. பழைய பூத்தையலுக்கு அது வேண்டாம். வெளிற்றும் தூளும் நீலமும் வேண்டாம். சவர்க்காரம் முற்றாகப் போகும்வரை அலசுங்கள். ஈரத் துணி பாரமானது. மூலையில் பிடித்துத் தூக்கினால் பழைய இழை அறும். அடியில் இன்னொரு துணியை விட்டு அதோடு சேர்த்துத் தூக்குங்கள்.

உலர்த்தும்போது: கொடியிலோ கிளுவை வேலியிலோ போடாமல், நிழலில் பாயின் மேல் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் பரப்பி உலர விடுங்கள்.

வைக்கும்போது: கஞ்சி போட்டு மடித்து வைக்கும் பழக்கத்தை விடுங்கள். கஞ்சியைத் தின்னவே கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் வருகின்றன. பாவிக்கும் நாளில் கஞ்சி போட்டு, பின்பு அலசி வையுங்கள். றங்குப்பெட்டியின் தகரம் துருப்பிடிக்கும். பலகைப் பெட்டியும் கறை பிடிக்கச் செய்யும். எனவே தோய்த்து உலர்த்திய பழைய வெள்ளைப் பருத்தித் துணியை உள்ளே சுற்றிவரப் போட்டு, அதற்குள் வையுங்கள். ஒரே மடிப்பில் வருடக் கணக்காக இருந்தால் அந்த மடிப்பிலேயே துணி அறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். சிறியவற்றை மடியாமல் சுருட்டி வைக்கலாம். நன்றாகக் காய்ந்த வேப்பிலையைச் சிறு துணிப்பையில் கட்டி, துணியில் படாமல் மூலையில் வைக்கலாம். பூச்சி உருண்டை பாவிப்பதானால் அதுவும் துணியில் படக்கூடாது. பிள்ளைகளுக்கு எட்டவும் கூடாது.

பொலித்தீன் பை பற்றி ஒரு வார்த்தை. மழையில் ஓடவேண்டி வந்தபோது பொலித்தீன் பைதான் பல துணிகளைக் காப்பாற்றியது. வெள்ளக் காலத்துக்கென ஒன்றைப் பெட்டியருகில் வைத்திருங்கள். ஆனால் நிரந்தரமாக அதற்குள் வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

இவ்வளவும் சொன்னதால் துணியைப் பூட்டியே வைக்க வேண்டும் என்பதில்லை. நத்தாருக்கோ, பொங்கலுக்கோ, பிள்ளையின் முப்பத்தொன்றுக்கோ ஒருநாள் எடுத்து விரியுங்கள். தைத்தவர் கதையை அன்று சொல்லுங்கள்.

8. பங்கிடுவதும் விற்பதும்

பிள்ளைகள் நால்வர், விரிப்பு ஒன்று என்றால் என்ன செய்வது? வெட்டிப் பங்கிடுவது வேண்டாம். வெட்டிய இடத்திலிருந்து பின்னல் பிரியத் தொடங்கும். ஒருவர் பொறுப்பில் வைத்து, மற்றவர் வீட்டு நன்மை காரியத்துக்குக் கொடுத்து வாங்கலாம். தலையணை உறைகள் போன்று பல இருந்தால் ஆளுக்கொன்று கொடுத்து, ஒவ்வொன்றோடும் உறுதியின் பிரதியையும் கொடுங்கள்.

கஷ்டத்தில் விற்க நேர்ந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாகர்கோவில் பெண்கள் விற்றே விடுதலை பெற்றார்கள். ஆனால் வாசலில் வந்து பழைய துணிதானே என்று கேட்பவரிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் உழைப்பைக் கணக்கிடுங்கள். படம் எடுத்து, மாதிரியைக் கொப்பியில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் எல்லாரிடமும் கேளுங்கள். அதன் பின் தீர்மானியுங்கள். துணி போனாலும் மாதிரியும் பெயரும் வீட்டில் நிற்க வேண்டும்.

9. அடுத்த கைக்கு

நல்ல விதை வெங்காயத்தைப் பிடியாகக் கட்டித் தூக்கி வைத்திருந்தாலும், ஒரு போகம் நடாவிட்டால் அது வெறும் சருகாகும். துணியும் அவ்வாறே. பெட்டியிலுள்ள பூ இன்னொரு கையில் மீண்டும் பூக்க வேண்டும்.

பலஸ்தீனப் பெண்களை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு பகுதியின் உடுப்பிலும் அப்பகுதிக்குரிய தையற் பூக்கள் இருந்தன. உடுப்பைப் பார்த்தே ஒரு பெண்ணின் ஊர்ப்பக்கத்தை அறியக்கூடியதாயிருந்தது. 1948இல் இலட்சக்கணக்கானோர் ஊரை இழந்தனர். அகதி முகாம்களில் பாட்டிமார் பேத்திமாருக்கு அந்தப் பூக்களைத் தைக்கக் கற்பித்தனர். அதுவே பலருக்குப் பிழைப்பும் ஆயிற்று. 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் அத்தையற்கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஊருக்குப் போக முடியாத பிள்ளைக்கும் ஊரின் பூவைத் தைக்கத் தெரிந்திருக்கிறது.

2009இன் பின்னர் வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோதும், எல்லாக் காணியும் திரும்பக் கிடைத்துவிடவில்லை. அதற்கான கோரிக்கை ஒருபுறம் நடக்கட்டும். மறுபுறத்தில், எவருடைய அனுமதியும் இன்றி இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று எமது கையில் இருக்கிறது. பிள்ளைகளின் சதுரக்கோட்டுக் கொப்பியை எடுங்கள். குறுக்குத் தையல் பூவில் ஒரு தையலுக்கு ஒரு கட்டம் என்று எண்ணி நிறந்தீட்டுங்கள். றேந்தையில் நிறைந்த இடத்தைக் கறுப்பாகவும் வெறுமையான இடத்தை வெள்ளையாகவும் குறியுங்கள். அந்த மாதிரியைப் பார்த்து, பேத்தி ஒரு லேஞ்சியின் மூலையில் ஒரே ஒரு பூவைத் தைக்கட்டும். பேரனும் தைக்கலாம், ஊசி ஆணையும் பெண்ணையும் கேட்பதில்லை. அதன் கீழ் தன் எழுத்தையும் ஆண்டையும் தைக்க மறக்க வேண்டாம்.

10. வேதத்திலிருந்து ஒரு சிந்தனை

அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காளைப் பற்றி வாசிக்கிறோம். அவள் இறந்தபோது விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுதனர். அவள் எவ்வளவு நல்லவள் என்று அவர்கள் நீண்ட பேச்சுப் பேசியதாக அங்கே இல்லை. அவள் உயிரோடிருந்தபோது தங்களுக்குத் தைத்துத் தந்த உடுப்புக்களை எடுத்துக் காட்டினார்கள். அவளுடைய அன்புக்கு அந்தத் தையலே சாட்சியாயிற்று. ஏழை விதவைகள் அவளது பெயரைத் துணியோடு சேர்த்து வைத்திருந்தபடியால், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் நாம் அப்பெயரை அறிகிறோம். எந்தச் சமயத்தவரானாலும் எமது பாட்டிமாருக்கும் நாம் செய்யவேண்டியது அதுவே: துணியை எடுத்துக் காட்டுவோம், பெயரையும் சேர்த்துச் சொல்லுவோம்.

கூடிப் பேசுவதற்கு

1. உங்கள் வீட்டில் கையால் செய்த பழைய துணி எது? அதைச் செய்தவரின் பெயர் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குத் தெரியுமா?
2. இடம்பெயர்ந்தபோது எதை எடுத்து வந்தீர்கள், எதை விட்டு வந்தீர்கள்? விட்டு வந்த துணியின் பூவை நினைவிலிருந்து வரைய முடியுமா?
3. உங்கள் ஊரில் தையலோ பின்னலோ ஓலைவேலையோ நன்கு தெரிந்த மூத்தவர்கள் யார்? அவர்களிடம் யார், எப்போது பழகப் போகிறீர்கள்?
4. இன்று ஒருவர் கையால் செய்த பொருளை வாங்கும்போது, அவரது மணித்தியாலங்களுக்கு உரிய விலையைக் கொடுக்கிறோமா?

செய்வதற்கு

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு துணியோடும், அதற்கு எழுதிய உறுதியோடும் வாருங்கள். துணி இல்லாதவர்கள் அதை நினைவிலிருந்து எழுதிய தாளோடு வாருங்கள். எழுதத் தெரியாத மூத்தவர்களுக்கு, பாடசாலைப் பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கட்டும்.